டாஃப்னிக்கு மூச்சடைப்பு

'மூன்று வாத்து' என்ற மதுக்கடையின் பின்புறப் புல்வெளியில் அந்தக் கோடையில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பழைய கார்கள் மூச்சு விட ஆரம்பித்துவிட்டன!

அதற்கு முன்பு அவை என்ன செய்துகொண்டிருந்தன என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. அடக்கிக்கொண்டிருந்தனவாம். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள் முதல் மூச்சை அடக்கிக்கொண்டு, யாராவது வந்து விடுதலை தர மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தனவாம். அப்படித்தான் கார்களுக்கு மூச்சு வைத்தியம் பார்க்க வந்த ஆம்ப்ரோஸ் பிளைத் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ட்வீட் கோட்டு போட்டிருக்கிறாரே!

கீழை நாடுகளில் காவியைக் கண்டால் காலில் விழுகிறார்கள் என்று எங்கள் மன்றத்தார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே காவி கிடையாது. முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட ட்வீட் கம்பளிக் கோட்டுதான். துணி வேறு, விழுகிற வேகம் ஒன்றுதான்.

எங்கள் மன்றம் ஹார்வுட் கார் வைத்திருப்பவர்களின் மன்றம். ஹார்வுட் என்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை ஒழுங்காக மூடாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். மழை பெய்தால் உள்ளே பெய்யும். பெய்யாத நாளில் அதன் எண்ணெய் வெளியே பெய்யும். இதை வைத்திருப்பவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், இதய அறுவை டாக்டர் ஒருவர், எல்லோருக்கும் மேலே தலைவர் ஆர்ச்சி ப்ளம்ட்ரி. ஆர்ச்சி ஆகாய விமானத்துக்கு இறக்கை வரைந்து கொடுத்த இன்ஜினியர். இவர்கள் எல்லோரும் வண்டிக்குப் பெண் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். கிளம்பும் முன் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுப்பார்கள். அடுத்தவர் வண்டியின் பானெட்டை, அதாவது இன்ஜின் மூடியை, அவர் அழைக்காமல் திறப்பது, அடுத்தவர் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறப்பதற்குச் சமம்.

அந்தப் பானெட்டுக்குள்தான் ஆம்ப்ரோஸ் தன் கடையைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்வெளியில் வரிசை நிற்கும். வரிசை என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாவிட்டாலும் நின்றுவிடுவார்கள். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, காகிதத்தில் சுற்றிய, பன்றி இறைச்சி வைத்த பேக்கன் ரொட்டி, மடியில் நாய். பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. ஓடி வந்தவை பாதி, கயிறு கட்டி இழுத்து வந்தவை பாதி.

முதல் நாள் ஆர்ச்சியின் வண்டிதான் போணி.

"பேரு?" என்றார் ஆம்ப்ரோஸ், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆர்ச்சி ப்ளம்ட்ரி."

"உங்க பேர யாரு கேட்டா? இவங்க பேரு?"

"க்ளெமென்டைன்," என்றார் ஆர்ச்சி. கல்யாணப் பெண்ணின் தகப்பனைப் போல அவர் குரல் குழைந்தது.

ஆம்ப்ரோஸ் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளிச் சங்கிலியை எடுத்தார். அதன் நுனியில் ஒரு பளிங்குக் கல். சங்கிலியை பானெட்டுக்கு மேலே தொங்கவிட்டார். கல் ஆடியது. பிடித்திருந்த கை ஆடினால் கல்லும் ஆடும் என்பது ஆர்ச்சிக்குத் தெரியும். அந்தப் படிப்பைப் படித்துத்தான் அவர் இறக்கை வரைந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை படிப்புக்கு விடுமுறை.

"பானெட்டத் திறக்கட்டுமா?" என்று கேட்டார் ஆர்ச்சி.

"ஐயையோ! இத்தனை பேர் நடுவுல ஒரு பெண்மணியோட நெஞ்சத் திறந்து காட்டுவீங்களா? மூடியே இருக்கட்டும். எனக்குக் கேக்குது." காதைச் சாய்த்தார். "இடது பக்கம் மூச்சு அடைச்சிருக்கு. எதையோ மனசுல போட்டு முழுங்கிக்கிட்டு இருக்காங்க. வீட்டுல சமீபத்துல ஏதாவது மாத்தம் உண்டா?"

ஆர்ச்சி யோசித்தார். "ஒரு நாய்க்குட்டி வாங்கினோம்."

"பொறாமை!"

"ஓ!" என்றது கூட்டம். ஆர்ச்சியின் மனைவி மடியிலிருந்த நாய்க்குட்டியைச் சட்டென்று போர்வைக்குள் மறைத்தாள்.

பிறகு ஆம்ப்ரோஸ் ஆர்ச்சியின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நாடி பார்ப்பதற்காக டாஷ்போர்டில் கையை வைத்துக்கொள்ள, க்ளெமென்டைன் மேட்டுச் சாலையில் ஏறினாள். இருமினாள். முனகினாள். முக்கால் மேட்டில் நின்றே போனாள். கூட்டம் உச்சுக் கொட்டியது.

கீழே வந்ததும் ஆம்ப்ரோஸ் பானெட்டைத் தானே பாதி மட்டும் தூக்கி, தலையை உள்ளே விட்டு, இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் பழைய ஏர் ஃபில்டரைக் கழற்றினார். தகரப் பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம். அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கறுப்பு!

"பாருங்க, ஐம்பது வருஷத் துக்கம்!"

ஆர்ச்சி அதைப் போன வருஷம்தான் மாற்றியிருந்தார். அது அவருக்கே அப்போது மறந்துபோயிற்று. ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். டீ வடிகட்டியில் தூள் தங்கியிருக்கிறதே என்று யாராவது கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுப்பார்களா? எங்கள் ஆட்கள் எடுத்தார்கள்.

அந்த இடத்தில் ஆம்ப்ரோஸ் தன் சரக்கை மாட்டினார். சிவப்புத் துணியில் கூம்பு போல ஒரு ஃபில்டர். சும்மா மாட்டவில்லை. ஒரு குப்பியிலிருந்து எண்ணெய் தொட்டு வைத்தார், உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார், மூன்று முறை ஊதினார். விலையை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கொடுத்தவர்கள் என் நண்பர்கள்.

மறுபடி மேடு. இந்த முறை க்ளெமென்டைன் கர்ஜித்துக்கொண்டு பறந்தாள். தகரப் பெட்டி போய்விட்டதல்லவா, இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இரைச்சல் முழுசாக வெளியே கேட்டது. சத்தம் கூடினால் சக்தி கூடிவிட்டது என்று நினைக்கிற இனம் உலகத்தில் இரண்டு: அரசியல் கூட்டத்துக்குப் போகிறவர்களும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும்.

"எப்படி இருக்கு?" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"பத்து வயசு கொறைஞ்சிருச்சு! வண்டிக்கு இல்லைய்யா, எனக்கு!"

அவ்வளவுதான். காட்டுத்தீ. அதற்கப்புறம் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமே! முன்னால் நிற்பவர் "அருமை" என்ற பிறகு "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பது மரியாதை இல்லை. ஆகவே அவரும் அருமை, அவருக்குப் பின்னால் இருந்தவரும் அருமை. இப்படி ஒருவர் மனசை இன்னொருவர் புண்படுத்தாமல், மாவட்டமே மொத்தமாக ஏமாந்தது.

நான் ஏமாறவில்லை. பெரிய அறிவாளி என்பதால் அல்ல. என் வண்டி டாஃப்னி அப்போது ஓடும் நிலையில் இல்லை.

இது இப்படியே போயிருந்தால் நானும் பேக்கன் ரொட்டி தின்றுகொண்டு வேடிக்கை பார்த்திருப்பேன். கோளாறு நெவிலிடம் ஆரம்பித்தது.

நெவில் ஹக்கபி என் நண்பன். பழைய மரச்சாமான்களை ஏலம் விடுகிற தொழில். வாய் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனால் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல இன்ஹேலர் இருக்கும். இழுப்பு வந்தால் இரண்டு முறை உறிஞ்சுவான், சரியாகிவிடும், மறுபடி கத்த ஆரம்பிப்பான். அவன் வண்டியின் பெயர் பெட்டூனியா.

பெட்டூனியாவுக்கு மேலே கல்லை ஆட்டிப் பார்த்த ஆம்ப்ரோஸ் திடுக்கிட்டார். அவர் திடுக்கிடுவது பார்க்க நன்றாக இருக்கும்.

"உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது கோளாறு உண்டா?"

ஊரே அறிந்த விஷயம். அவன் பையிலிருந்து இன்ஹேலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் நெவில் வாயைப் பிளந்தான். "எப்படித் தெரிஞ்சுது?"

"வண்டிக்கும் ஓட்டுறவருக்கும் ஒரே மூச்சுங்க. அந்த நீலக் குழாய் உங்க நெஞ்சுக்குள்ள போட்ட காகித ஃபில்டர். அது இருக்கற வரைக்கும் பெட்டூனியா முழுசா மூச்சு விட மாட்டாங்க. அவங்கள அடைக்கிறது நீங்கதான்."

தன் நெஞ்சுக்காக என்று சொல்லியிருந்தால் நெவில் கொஞ்சம் யோசித்திருப்பான். வண்டிக்காக என்றதும் யோசிக்கவே இல்லை. அங்கேயே இன்ஹேலரை எடுத்து ஆம்ப்ரோஸ் கையில் கொடுத்துவிட்டான். கூட்டம் கை தட்டியது. இதய அறுவை டாக்டரும் தட்டினார். அவர் வண்டி வரிசையில் அடுத்ததாக நின்றது.

அடுத்த வாரம் நான் டீ குடிக்க நெவில் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்க வந்த நெவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏலம் கூவுகிறவன், "வா கில்" என்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தினான். சமையலறையில் அவன் மனைவி ஹெஸ்டர் டீக் கெட்டிலை வைத்த வேகத்தில் அடுப்பே அதிர்ந்தது. ஹெஸ்டர் பல் டாக்டர்.

"மாடி ஏறுறதுக்குள்ள மூணு தடவ உக்காந்துட்ட," என்றாள் அவனிடம். "டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து அது. வீட்டுல இருக்கறதையாவது எடு."

"பெட்டூனியா... இப்பத்தான் தேறிட்டு வரா. நடுவுல நான் கெடுக்கக் கூடாது."

"நீ செத்துப்போனா அவள யாரு ஓட்டுவா?"

நெவில் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். "கில் ஓட்டுவான்," என்றான்.

நான் பாதி கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"இங்க பாரு நெவில்," ஹெஸ்டர் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த ஆளு முதல் தடவ மேடு ஏறும்போது நாடி பாக்குறேன்னு டாஷ்போர்டுல கைய வைக்கிறானே, அவன் கட்ட விரல் எங்க இருக்குன்னு பாத்தியா? இன்ஜினுக்குப் போற காத்த அடைக்குமே, அந்த சோக் குமிழ்ல இருக்கு. நைசா இழுத்து விட்டுடறான். சூடான இன்ஜினுக்கு சோக்க இழுத்தா பெட்ரோல் அதிகமாகி அது இருமாம என்ன பண்ணும்? ரெண்டாந்தடவ உள்ள தள்ளிடறான். பறக்குது. முப்பது வருஷமா என் கையில இருக்கற ஊசி ஆளுங்க கண்ணுல படாமப் பாத்துக்கிட்டவ நான். கை வித்தை எனக்குத் தெரியாதா?"

"அது நாடி பாக்கறது," என்றான் நெவில், மூச்சு வாங்கிக்கொண்டே. "நீ பல்லு டாக்டர். உனக்கு... நெஞ்சப் பத்தி என்ன தெரியும்?"

மறுநாள் ஹெஸ்டர் என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். மேஜைமேல் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் டாஃப்னியின் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்தில் கழற்றியது. என் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இன்ஜின் வெளியே போனால்தான் தான் உள்ளே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு கில்," என்றாள் ஹெஸ்டர். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஆளு மூச்சுத் திருவிழா வெச்சிருக்கான். வீட்டுல மிச்சம் இருக்கற இன்ஹேலரையெல்லாம் கொண்டு வந்து எல்லார் முன்னாடியும் குப்பையில போடணுமாம். இவன் பையில எடுத்து ரெடியா வெச்சிட்டான். அதையும் போட்டுட்டா இனிமே எடுக்கவே மாட்டான், வீம்புக்காரன். எந்த இழுப்பு கடைசி இழுப்புன்னு நான் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கணுமா? சொல்லிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், அழுதும் பாத்தாச்சு."

நான் கார்புரேட்டரைத் துடைத்தேன்.

அவள் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் முகம் மாறியது. பல்லைப் பிடுங்கப் போகும் முன் அவளுக்கு அப்படி ஒரு புன்னகை வரும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"இது இங்க இருக்கு. அப்போ வண்டி எங்க?"

"கொட்டகைல."

"உருளுமா?"

"நாலு சக்கரம் இருக்கே. உருளும்."

"பானெட்டு மூடுமா?"

"மூடும். ஹெஸ்டர், வேணாம். அங்க இருக்கறவங்க நாப்பது வருஷமா ஹார்வுட் வெச்சிருக்கறவங்க. பாத்த உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

"பாப்போமே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாஃப்னியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். இன்ஜின் இல்லாத வண்டிக்கு முன்பக்கம் கனம் இருக்காது. டாஃப்னி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றாள். பச்சைக் குழந்தைகூடக் கேட்கும், இதற்கு என்ன ஆயிற்று என்று.

ஆர்ச்சி சுற்றி வந்து பார்த்தார். விமானத்துக்கு இறக்கை வரைந்த ஆர்ச்சி. "என்ன கம்பீரம்! தலை நிமிர்ந்து நிக்கறா பாரு. இதுதான்யா நல்ல வளர்ப்பு," என்றார்.

"ஸ்டார்ட் ஆகல," என்றேன்.

எங்கள் மன்றத்தில் இதைவிட நம்பகமான வாக்கியம் கிடையாது. ஒரு ஹார்வுட் தானாக ஓடி வந்தால்தான் சந்தேகப்படுவார்கள். தள்ளிக்கொண்டு வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நீதிபதியும் வங்கி மேலாளரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்து தள்ளினார்கள். வண்டி புல்வெளியில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பஞ்சு மாதிரி வராளே!" என்று வியந்தார் நீதிபதி.

"ஆம்ப்ரோஸ் வந்துட்டாருல்ல. அவர் இருக்கற இடத்துல எல்லாமே லேசாயிடும்," என்றார் வங்கி மேலாளர்.

ஹெஸ்டர் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டாள். சிரித்தால் காரியம் கெடும்.

புல்வெளி நிறையக் கூட்டம்; இதய அறுவை டாக்டருக்கு மட்டும் அன்று ஆஸ்பத்திரியில் வேலை. வர்ணக் கொடிகள். நடுவில் மறுசுழற்சித் தொட்டி ஒன்றுக்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். நெவில் ஒரு நாற்காலியில், மடியில் காகிதப் பையோடு உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின.

"நெவிலுக்கு முன்னாடி எங்க டாஃப்னியப் பாத்துடுங்க," என்றேன். "ரொம்ப மோசமா இருக்கா."

ஆம்ப்ரோஸ் சங்கிலியை எடுத்தார். கல் டாஃப்னியின் பானெட்டுக்கு மேலே தொங்கியது. ஆடியது. வட்டமடித்தது. அவர் புருவம் நெரிந்தது. கூட்டம் அப்படியே அடங்கியது.

"அடேயப்பா!" என்றார் ஆம்ப்ரோஸ். "இப்படி ஒரு மூச்சடைப்ப நான் பாத்ததே இல்ல. ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு."

"இன்ஜின்ல கோளாறா இருக்குமோ?" என்று கேட்டாள் ஹெஸ்டர், பயபக்தியோடு.

"இல்லவே இல்ல. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. இதயம் நல்லாத் துடிக்குது, கேக்குது பாருங்க." எல்லோரும் காதைச் சாய்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நாலைந்து பேர் கேட்கிறது என்று தலையாட்டினார்கள்.

"துடிக்குதா?"

"துடிக்குதாவா? நாலு சிலிண்டரும் உள்ள முனகுதும்மா. விடுதலை குடுன்னு கெஞ்சுது. மூணாவது சிலிண்டர் மட்டும் கொஞ்சம் கோபமா இருக்கு."

"அப்ப எதுவும் காணாமப் போகலையே?"

"எல்லாம் இருந்த எடத்துல இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு."

"நல்லது," என்றாள் ஹெஸ்டர். "கில், திறந்து காட்டு."

"பெண்மணியோட நெஞ்ச—" என்று ஆரம்பித்தார் ஆம்ப்ரோஸ்.

"என் வண்டி சார். நானே கூப்பிடறேன், எல்லாரும் வந்து பாருங்க," என்று சொல்லி பானெட்டைத் தூக்கினேன்.

உள்ளே பச்சைப் புல் தெரிந்தது. ஒரு டெய்சிப் பூகூட இருந்தது. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு பலகை. பலகைமேல் ஹெஸ்டர் சுட்ட ஜாம் கேக், வட்டமாக, சர்க்கரை தூவி.

எங்கள் ஆட்களின் மரியாதை அந்த நேரத்திலும் வேலை செய்துகொண்டிருந்தது. இருக்கிற சங்கடத்தை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று ஒவ்வொருவர் முகமும் துடித்தது. கடைசியில் நீதிபதி தொண்டையைக் கனைத்தார்.

"கேக் நல்லா உப்பியிருக்கு," என்றார்.

ஆம்ப்ரோஸ் விடவில்லை. அந்தத் தொழிலுக்கு அந்த நெஞ்சழுத்தம் வேண்டும். "நீங்க கண்ணால பாக்குறீங்க. நான் கேட்டது அந்த இன்ஜினோட ஆன்மா. கழட்டினாலும் ஆன்மா எங்கயும் போகாது!"

கூட்டத்தில் ஒருவர் "ஆமா, அப்படியும் இருக்கலாம்" என்று சொல்லப்போனார். ஆம்ப்ரோஸ் தப்பித்துவிடுவார் போலிருக்கிறதே!

அப்போது நெவில் வந்தான். நாற்காலியைப் பிடித்து எழுந்து, பலகைமேல் இருந்த கேக்கைக் குனிந்து பார்த்தான். ஆம்ப்ரோஸைப் பார்த்தான். மறுபடி கேக்கைப் பார்த்தான்.

"இதுல... மூணாவது சிலிண்டர் எது?" என்றான்.

அவ்வளவுதான், வெடித்துவிட்டது. முதலில் சிரித்தவன் நெவில்தான். பிறகு நீதிபதி. பிறகு ஆர்ச்சியின் மனைவி, போர்வைக்குள்ளிருந்து நாய்க்குட்டி, அப்புறம் புல்வெளி முழுக்க. தலை நிமிர்ந்து நின்றாளே டாஃப்னி, அதை நினைத்து நினைத்து ஆர்ச்சி பக்கத்து வண்டிமேல் குப்புறக் கவிழ்ந்து சிரித்தார். நான் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! கண்ணில் தண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை.

அதனால்தான் நெவிலின் சிரிப்பு இழுப்பாக மாறியதை நான் கவனிக்கவில்லை.

அவன் டாஃப்னியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. தொண்டையிலிருந்து விசில் போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது.

"ஆம்ப்ரோஸ்! ஏதாவது பண்ணுங்க!" என்று கத்தினார் வங்கி மேலாளர்.

மூச்சுக்கு அதிபதியான ஆம்ப்ரோஸ் பிளைத் இரண்டடி பின்னால் போனார். முகம் சுண்ணாம்பு. கையிலிருந்த சங்கிலி புல்லில் விழுந்தது.

"யாராவது ஆம்புலன்ஸக் கூப்பிடுங்களேன்யா!" என்று அலறினார்.

அந்தக் கோடை முழுவதிலும் அவர் சொன்ன ஒரே உண்மையான மருத்துவம் அதுதான்.

ஹெஸ்டர் அதற்குள் புல்லில் உட்கார்ந்து நெவிலைத் தன்மேல் சாய்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த நீல இன்ஹேலரை எடுத்து அவன் கண்முன் நீட்டினாள். வாயில் திணிக்கவில்லை. "நீயா எடுத்துக்கோடா, கிறுக்கா," என்றாள்.

நெவில் அந்தக் கோலத்திலும் பெட்டூனியா நின்ற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு இன்ஹேலரைப் பிடுங்கி வாயில் வைத்து அழுத்தினான். ஒரு முறை. இன்னொரு முறை. நாங்கள் எல்லோரும் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுக்காக நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம் என்பது, அவன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து விட்டபோது எங்களுக்கும் மூச்சு வந்ததில்தான் தெரிந்தது. ஹெஸ்டர் அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அந்தத் தலையிலேயே ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து அவனைச் சோதித்துவிட்டுப் போகும்போது ஆம்ப்ரோஸ் தன் காரில் ஏறிக்கொண்டிருந்தார். புத்தம்புதுக் குடும்பக் கார். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"உங்க வண்டிக்கு எந்த ஃபில்டர் போட்டிருக்கீங்க?"

"காகிதந்தான்," என்றார் எரிச்சலோடு. "நான் நாலு எடம் போகணும்ல!"

போய்விட்டார்.

ஆர்ச்சிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "எல்லாம் சரி. ஆனா என் க்ளெமென்டைன் நிஜமாவே நல்லா ஓடினாளே, ஹெஸ்டர்?"

"வண்டில ஏறுங்க," என்றாள் ஹெஸ்டர். பக்கத்தில் உட்கார்ந்து, சோக் குமிழை அவர் கண்ணுக்கு நேராகவே இழுத்தாள். க்ளெமென்டைன் மேட்டில் இருமி நின்றாள். உள்ளே தள்ளினாள். பறந்தாள். ஆர்ச்சி இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தான் வரைந்த இறக்கைகளை எல்லாம் ஒரு முறை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டார் போலும்.

கேக்கை ஆளுக்கொரு துண்டாகத் தின்றோம். மூன்றாவது சிலிண்டர் மிகவும் சுவையாக இருந்தது.

இத்தோடு இவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் தொட்டிக்குள் காந்தக் கல் போட்டால் வண்டி இளமையாகும் என்று சொல்லிக்கொண்டு வடக்குப் பக்கத்தில் ஒருத்தர் கிளம்பியிருக்கிறாராம். எங்கள் வங்கி மேலாளர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், கோட்டைப் பார்த்தால் நம்பிவிடுவார். சிரிக்கிறீர்களா? டாஃப்னிக்குள் இன்ஜின் இல்லை என்றால் அதைக் கழற்றியவன் நான். என் சாப்பாட்டு மேஜைமேல் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தலைக்குள் இருக்க வேண்டியதை எவன் கழற்றிக்கொண்டு போனான், எந்த மேஜைமேல் வைத்திருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?